கடக்கரையில மடக்குக்கத்தி மக்கர் பண்ணினா: என்ன தெரியுது, எங்க பார்க்கணும், என்ன செய்யணும்

பாம்பன்ல படகு இன்ஜின் வேலை பார்க்குறேன். கத்தி என் தொழில் இல்ல, ஆனா ஸ்பேனர், ஆயில், கல்லு எல்லாம் ஒரே இடத்துல இருக்குறதால யாரோட மடக்குக்கத்தி மக்கர் பண்ணினாலும் அது என் மேசைக்குத்தான் வந்து சேரும், அதுலயும் ஏப்ரல் 15ல தொடங்குற மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14ல முடிஞ்சு வலை ஏத்துற அந்த வாரத்துல பாருங்க, 61 நாள் படகுப் பெட்டிக்குள்ள மடிச்சபடியே கெடந்த கத்தியெல்லாம் வரிசையா வரும். விரியாது. விரிஞ்சா ஆடும். சிலதுல விரிக்கும்போதே முதுகுப் பக்கத்து ஸ்பிரிங் டக்குன்னு ஒடிஞ்சு கையோட வந்துடும். கொண்டு வர்றவங்க எல்லாரும் முதல்ல சொல்றது ஒண்ணுதான், "இரும்பு சரியில்லண்ணே".

இரும்பு பெரும்பாலும் சரியாத்தான் இருக்கு. நம்ம கரையில கத்தி வெட்டுற நேரத்துல கெடுறதவிட மடிச்சு வச்ச நேரத்துல கெடுறதுதான் ரொம்ப அதிகம். அதனால இரும்பு பேரை வச்சுப் பிரிக்காம கண்ணுக்கு என்ன தெரியுதோ அதை வச்சுப் பிரிச்சு எழுதுறேன், உங்க கத்தில இருக்குற கோளாறுக்கு நேரா போயிடுங்க.

ஆனா அதுக்கு முன்னாடி எல்லாரும் செய்ய வேண்டிய வேலை ஒண்ணு இருக்கு. கத்திய விரிச்சு நல்ல தண்ணில (போர் தண்ணி வேணாம், நம்ம பக்கம் நெறைய போர்ல உப்பு கெடக்கு, குடிக்கிற தண்ணிய எடுங்க) நல்லா அலசி, உதறி, காது குடையுற பட்ஸ் ஒண்ண எடுத்து பிடிக்குள்ள இருக்குற சந்துல, அச்சாணிகிட்ட, ஸ்பிரிங் ஓரத்துல எல்லாம் விட்டு இழுங்க. பட்ஸ்ல என்ன கலர் வருதுன்னு பாருங்க. செங்காவியா வந்தா துரு. பச்சையா வந்தா பித்தளைத் தகட்டுல களிம்பு. வெள்ளையா மாவு மாதிரி வந்தா அலுமினியம் அரிக்குது. கருப்பா நறநறன்னு வந்தா பழைய எண்ணெயும் மணலும். பாதி நோய் இந்தப் பட்ஸ்லயே தெரிஞ்சிடும், அலகு பளபளன்னு இருக்குறத மட்டும் பார்த்து ஏமாறாதீங்க.

அலகுல ஆரஞ்சு புள்ளி, தேய்ச்சா போயிடுது

இது மேல் துரு, பயப்படாதீங்க. "ஸ்டெயின்லெஸ்னு சொல்லித்தானே வித்தாங்க, எப்படி துரு பிடிக்கும்"னு கேட்பாங்க. ஸ்டெயின்லெஸ்னா குரோமியம் குறைஞ்சது 10.5 சதவீதம் இருக்குற இரும்பு, அவ்வளவுதான். அந்தக் குரோமியம் காத்தோட சேர்ந்து மேல ஒரு மெல்லிசான படலம் போட்டு உள்ள இருக்குற இரும்பைக் காப்பாத்தும், கீறல் விழுந்தாலும் படலம் தானாவே திரும்ப வந்துடும். உப்புல இருக்குற குளோரைடு அந்தப் படலத்தை அங்கங்க ஓட்டை போடும், ஓட்டை விழுந்த எடத்துல தண்ணியும் நின்னுச்சுன்னா படலம் திரும்பக் கட்ட முடியாது.

சரி, அதான் துடைச்சு வச்சேனேன்னு நெனைப்பீங்க. மழைக்காலத்துல நம்ம வீட்டு உப்பு ஜாடிய பாருங்க, யாரும் தண்ணி ஊத்தாமலே உப்பு நீர்த்துக் கெடக்கும். காத்துல ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினா சாப்பாட்டு உப்பே காத்துல இருக்குற ஈரத்தை இழுத்துக் கரைய ஆரம்பிச்சிடும், கடலுப்புல மெக்னீசியம் குளோரைடும் கலந்திருக்குறதால அதைவிட ரொம்பக் கம்மியான ஈரத்துலயே கசியும். அப்போ துணில மட்டும் துடைச்சு வச்ச கத்தில தண்ணி போயிருக்கும், உப்பு போயிருக்காது, ராத்திரி வாடை அடிக்கும்போது அந்த உப்பு திரும்ப நனைஞ்சு அலகு மேல விடியுற வரைக்கும் ஈரமா உக்காந்திருக்கும். அதனாலதான் துடைக்கிறதுக்கு முன்னாடி நல்ல தண்ணில அலசணும்னு திரும்பத் திரும்பச் சொல்றேன்.

புள்ளிய எடுக்க சமையல் சோடாவ தண்ணி விட்டுக் குழைச்சு துணில தேய்ங்க. போகலைன்னா பாத்திரம் தேய்க்கிற பச்சை நார். ஆனா அந்த இரும்புக்கம்பி ஸ்க்ரப்பர எடுக்காதீங்க, சாதா இரும்பு நாரோட துகள் ஸ்டெயின்லெஸ் மேல ஒட்டிக்கிட்டு அதுவே துருப்பிடிச்சு புதுசா புள்ளி கெளப்பும், நீங்க என்னடா தேய்ச்சும் வருதேன்னு திரும்பத் தேய்ப்பீங்க. துடைச்சதும் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு போட்டு விரலால பூசிடுங்க. மீன், பழம் வெட்டுற கத்தின்னா எண்ணெய்க்குப் பதிலா மருந்துக்கடைல விக்கிற லிக்விட் பாரபின் நல்லது. நல்லெண்ணெய் வேணாம், அது நாள்பட பிசினாயிடும், சந்துக்குள்ள போய் மணலைப் பிடிச்சு வச்சுக்கும்.

தேய்ச்சா போகுது, ஆனா கீழ குண்டூசி முனை அளவு குழி இருக்கு

இது வேற சங்கதி. குழி அரிப்புன்னு சொல்லுவாங்க, மேல சின்னதா தெரியும், உள்ள ஆழமாப் போகும். குழிக்குள்ள உப்பு அடைஞ்சுக்கிட்டு உள்ள அமிலம் மாதிரி ஆயிடும், அதனால வெளிய துடைச்சாலும் உள்ள வேலை நடந்துக்கிட்டே இருக்கும். அலகு பக்கவாட்டுல இருந்தா வெந்நீர்ல கொஞ்ச நேரம் போட்டு, ஊற வச்ச தண்ணிய மாத்தி மாத்தி உப்பை வெளியேத்தி, காய வச்சு, எண்ணெய் விட்டா அதோட நிறுத்தலாம். பிடி மரமோ எலும்போ கொம்போன்னா முழுசா முக்காம அலகை மட்டும் தண்ணில பிடிங்க. குழி வாய்ல (வெட்டுற ஓரத்துல) இருந்தா அந்த எடம் மட்டும் ரம்பம் மாதிரி ஆயிடும், கல்லுல தேய்ச்சு குழி முடியுற வரைக்கும் இறக்கித்தான் ஆகணும்.

இங்கதான் இரும்பு ஜாதி வேலை காட்டும். டி2ன்னு ஒரு இரும்பு இப்போ ஆன்லைன்ல கம்மி வெலைல நெறைய வருது. அதுல குரோமியம் 12 சதவீதம் வரைக்கும் இருக்கு, கணக்குப்படி ஸ்டெயின்லெஸ் மாதிரி தெரியும், ஆனா கார்பன் 1.5 சதவீதம் இருக்குறதால குரோமியத்துல ஒரு நல்ல பங்கை அது கார்பைடா (கார்பனோட சேர்ந்த கெட்டித் துகளா) கட்டி வச்சுக்கும், படலம் போட மிச்சம் கம்மி. மதுரைலயோ கோயம்புத்தூர்லயோ அது நல்ல கத்தி, வாய் ரொம்ப நாள் நிக்கும். தங்கச்சிமடத்துல கொண்டு வந்து மீன் வெட்டினா ஒரு ராத்திரில புள்ளி போடும். 440சிங்குற ஸ்டெயின்லெஸ்ல குரோமியம் 17 கிட்ட, பரவாயில்ல. ஸ்வீடன்ல இருந்து வர்ற 14சி28என்ங்குற இரும்புல கார்பன் 0.62, குரோமியம் 14, கூட நைட்ரஜன் 0.11, நம்பர் சின்னதா தெரிஞ்சாலும் துருவுக்கு நல்லாவே தாங்கும், காரணம் அந்த நைட்ரஜன். கடலுக்குன்னே செய்யுற எச்1, எல்சி200என் மாதிரி இரும்புல கார்பனை நல்லாக் கொறைச்சு நைட்ரஜன் சேர்த்திருப்பாங்க, கடல் தண்ணில போட்டு மறந்தாலும் பெருசா ஒண்ணும் ஆகாது, வெலைதான் நம்மளால ஆகாது.

ஒருத்தர் நியாயமா ஒண்ணு கேட்டார், "போட்டுல 316ங்குற ஸ்டெயின்லெஸ் பைப் வருசக்கணக்கா நிக்குது தம்பி, அதுலயே கத்தி அடிச்சா என்ன?" நல்ல கேள்வி. 316ல நிக்கலும் மாலிப்டினமும் இருக்கு, அதனாலதான் அது நிக்குது, ஆனா அதைச் சூடு பண்ணி பதம் (கடினம்) ஏத்த முடியாது, கத்தியாக்கினா வாய் வெண்ணெய்க்கட்டி மாதிரி மடங்கும். பதம் ஏறணும்னா கார்பன் வேணும், கார்பன் ஏறினா குரோமியம் கட்டுப்படும். ஒண்ணு கூடினா ஒண்ணு குறையும், கத்தி செய்யுறவங்க எல்லாரும் இந்த இழுபறிலதான் நிக்கிறாங்க. கடைல கத்தி வாங்கும்போது காந்தம் வச்சுப் பாருங்க, ஒட்டவே இல்லைன்னா அது பெரும்பாலும் பதம் ஏறாத ஜாதி, கரண்டி செய்யத்தான் லாயக்கு.

அலகு முழுக்க சாம்பலா கருப்பா ஆயிடுச்சு

பட்டறைல லாரி ஸ்பிரிங் பட்டைல அடிச்ச கத்தியா, இல்ல 1095 மாதிரி கார்பன் இரும்பா? அப்போ மாங்கா, எலுமிச்சை, புளி பட்டா கருக்கும், அது கெடுதல் இல்ல, விடுங்க. அந்தக் கருப்பு சாதா ஈரத்துக்கு ஓரளவு காவல். உப்புக்குக் காவல் இல்ல, அதை மட்டும் மனசுல வச்சுக்கங்க. கருப்பு மேல செவப்பு தெரிஞ்சா அன்னைக்கே துடைக்கணும், நாளைக்குன்னு விடக்கூடாது.

விரிய மாட்டேங்குது, இல்ல பாதில நிக்குது

பிளையர் போட்டு இழுக்குறதுக்கு முன்னாடி கொஞ்சம் நில்லுங்க. இது நாலு காரணத்துல வரும், நாலுக்கும் வைத்தியம் வேற வேற, மாத்திச் செஞ்சா கத்தி போயிடும்.

பிடி மரமா? அப்போ முதல் சந்தேகம் மரம் ஊதியிருக்கு. ஓபினல்னு பிரான்ஸ் கத்தி இருக்கு, 1890ல இருந்து செய்யுறாங்க, பீச் மரப்பிடி. அந்த மாதிரி மரத்துக்குள்ளயே அச்சாணி ஓடுற கத்தில மரம் தண்ணி குடிச்சு வீங்கினா அலகை ரெண்டு பக்கமும் இறுக்கிப் பிடிச்சுக்கும், அது எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம், கத்தியோட குத்தம்னு சொல்ல முடியாது. அவங்க ஊர்ல இதுக்கு ஒரு பழைய வழி வச்சிருக்காங்க: வளையத்தைத் திருப்பி லாக்கை எடுத்துட்டு, பிடியோட வால் முனைய மரக்கட்டைல ஒரு தட்டு தட்டினா அலகு கொஞ்சம் வெளிய எட்டிப் பார்க்கும், அப்புறம் நகத்தால இழுத்துக்கலாம். நம்ம பூவரசுப்பிடி, வேப்பம்பிடிக் கத்திக்கும் கொள்கை அதே. விரிச்சதும் வெயில்ல வைக்காதீங்க, வெடிச்சிடும். அரிசி டப்பாக்குள்ள ரெண்டு நாள் புதைச்சு வைங்க, பைய காயும். காஞ்சதும் உப்புத்தாள மடிச்சு சந்துக்குள்ள ரெண்டு பக்கமும் லேசா இழுத்து, ஹார்டுவேர் கடைல கெடைக்கிற பாயில்டு லின்சீட் ஆயில மரத்துக்கு மூணு நாலு தடவை பூசி ஒவ்வொரு தடவையும் காய விடுங்க. ஒரு எச்சரிக்கை, அந்த எண்ணெய் தொட்ட துணிய சுருட்டி மூலைல போடாதீங்க, தானா சூடேறித் தீப்பிடிக்கும், தண்ணில நனைச்சு விரிச்சுக் காயப் போடுங்க. இது பெயிண்டர்கள் பலரும் அறிஞ்ச விஷயம், நம்ம வீட்டுல தெரியாம விட்டுடுவாங்க.

பிடி பிளாஸ்டிக், பட்ஸ்ல செங்காவி வருதா? அப்போ அச்சாணியும் ஸ்பிரிங்கும் துருல ஒட்டியிருக்கு. இழுக்கவே இழுக்காதீங்க. துரு இளக்குற ஸ்ப்ரேய அச்சாணி மேலயும் சந்துலயும் அடிச்சு ராத்திரி முழுக்க விட்டுடுங்க. காலைல ஒரு நூல் அளவு அசைச்சு, திரும்ப அடிச்சு, திரும்ப அசைச்சு, பொறுமையாப் போங்க. நான் கத்துக்கிட்டது இப்படித்தான்: எங்க சித்தப்பா சாகுறதுக்கு முன்னாடி வச்சிருந்த கத்தி, ரெண்டு அலகு, மாட்டுக்கொம்புப் பிடி, அவர் போனதுக்கப்புறம் ஒரு வருசம் பரண்ல கெடந்துச்சு, நான் எடுத்து வைஸ்ல பிடிச்சு பிளையர்ல ஒரே இழு, ஸ்பிரிங் நடுவுல ரெண்டா போச்சு. துரு உள்பக்கமா கடிச்சு அந்த எடம் மெலிஞ்சிருந்திருக்கு, வெளிய ஒண்ணும் தெரியல. ரெண்டு நாள் பொறுத்திருந்தா அது இன்னைக்கும் என் பைல இருந்திருக்கும். அந்தத் துண்டை இன்னும் தூக்கிப் போடாம வச்சிருக்கேன்.

நறநறன்னு சத்தத்தோட விரியுதா, அது மணல். தனுஷ்கோடி போய்ட்டு வந்த பை, பேண்ட் பாக்கெட்ல இருக்குற மணலே போதும். எண்ணெய் விடாதீங்க, எண்ணெயும் மணலும் சேர்ந்தா அரைக்கிற பசை, அச்சாணியத் தின்னுடும். ஓடுற தண்ணில விரிச்சு மடிச்சு விரிச்சு மடிச்சு முழுக்கக் கழுவி, சைக்கிள் பம்ப்ல காத்தடிச்சு, காய்ஞ்சதுக்கப்புறம்தான் எண்ணெய்.

நாலாவது, பழைய எண்ணெய் பிசின். தேங்காயெண்ணெய், நல்லெண்ணெய் விட்டவங்களுக்கு வரும். பல்லு பிரஷ், பாத்திர சோப்பு, வெந்நீர், முடிஞ்சது.

வாய் நிக்க மாட்டேங்குது

நேத்து தீட்டினேன் இன்னைக்கு தக்காளித் தோலைக்கூட கீறலன்னு வர்ற கேஸ்தான் என்கிட்ட ரொம்ப அதிகம், இதுலதான் இரும்பை ரொம்ப அநியாயமா திட்டுறோம்.

முதல்ல வாய வெளிச்சத்துக்கு நேரா பிடிங்க, வாய் உங்களப் பார்க்குற மாதிரி. கூரா இருக்குற வாய் கண்ணுக்கே தெரியாது. எங்கெல்லாம் வெள்ளையா மின்னுதோ அங்கெல்லாம் மழுங்கல். இப்போ நகத்தை வாய்க்குக் குறுக்க ரெண்டு பக்கமும் மெல்ல இழுத்துப் பாருங்க (வாய் நீளத்துக்கு ஓட்டாதீங்க, வெட்டிடும்). ஒரு பக்கம் வழுக்கி இன்னொரு பக்கம் தட்டுச்சுன்னா வாய் மடங்கியிருக்கு. பல்லு பல்லா தட்டுச்சுன்னா உதிர்ந்திருக்கு. ரெண்டு பக்கமும் வழுவழுன்னா தேய்ஞ்சிருக்கு.

மடங்கினதுன்னா இரும்பு மெதுவு, இல்ல கோணம் ரொம்ப ஒல்லி. ஸ்விஸ் கத்தில வர்ற இரும்பு ராக்வெல் (இரும்போட கடினத்தைச் சொல்ற அளவு) 56 சுமாருக்குத்தான் பதம் வச்சிருப்பாங்க, அது வேணும்னே வச்சது, மடங்கும் ஆனா உதிராது, பழைய தோல் பெல்ட்ட விரிச்சு சலூன்ல தீட்டுற மாதிரி பின்பக்கமா இழுத்தா திரும்ப நிமிர்ந்துடும். நம்ம கரைக்கு இந்த ஜாதி எனக்குப் பிடிக்கும். மடங்கின வாய நிமித்த ரெண்டு நிமிஷம் போதும், உதிர்ந்த வாய இறக்க அரை நாள் கல்லுல நிக்கணும்.

உதிர்ந்ததுன்னா பதம் ஒசந்த இரும்பு, 60க்கு மேல, அதை வச்சு சுறா முள்ளையோ நண்டு ஓட்டையோ காஞ்ச கருவேலங்குச்சியையோ குறுக்க அழுத்தித் திருகியிருக்கீங்க. நேரா அழுத்தினா தாங்கும், பக்கவாட்டுல திருகினா உதிரும்.

தேய்ஞ்சதுன்னா கயிறு. கரைல இழுத்துப் போட்ட கயித்துல மணல் ஏறியிருக்கும், அந்த மணல் அலகு இரும்பைவிட கடினம், எந்த இரும்பும் அதுகிட்ட தேயும். அறுக்குறதுக்கு முன்னாடி கயித்தை தண்ணில உதறி அந்த எடத்தை மட்டும் துடைச்சுட்டு அறுங்க, நம்ப மாட்டீங்க, வாய் நல்லா கூட நாள் தாங்கும்.

இது மூணும் இல்லாம, தீட்டத் தீட்ட அன்னைக்கே போகுதுன்னா ஒரு கேள்வி கேட்பேன்: மெஷின்ல சாணை பிடிச்சீங்களா? தெருவுல வர்ற சாணைக்காரர் மேல எனக்கு மரியாதை உண்டு, அருவா, அருவாமனைக்கு அவர்தான் சரி, அதுல தடிமன் இருக்கு. மடக்குக்கத்தி வாய் மெல்லிசு. பொறி பறக்குற சக்கரத்துல ரெண்டு நொடி கூட நின்னா போதும், வாய் மட்டும் பதம் இறங்கிடும். கார்பன் இரும்புல அது கண்ணுக்கே தெரியும், வைக்கோல் கலர் வந்தா 220 டிகிரி சுமார், நீலம் வந்தா 300 தொட்டாச்சு, அந்த எடம் இனி கத்தி இல்ல, வெறும் தகடு. ஸ்டெயின்லெஸ்ல கலர் லேட்டா வரும், அதனால கலர் வரலன்னு தப்பிச்சதா நெனைக்க வேணாம். வைத்தியம் ஒண்ணுதான், தண்ணி விட்டுக் கையால கல்லுல இறக்கி, கருகின பகுதி போயி நல்ல இரும்பு வர்ற வரைக்கும் போகணும், ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர் அலகு போகும், மனசைத் தேத்திக்கங்க.

கல்லு பெருசா ஒண்ணும் வேணாம். ஹார்டுவேர் கடைல விக்கிற ரெண்டு பக்க கார்போரண்டம் கல்லு, ஒரு பக்கம் சொரசொரப்பு, ஒரு பக்கம் நைசு. கோணம் எப்படிப் பிடிக்கிறதுன்னு எல்லாரும் தடுமாறுவாங்க, நான் சொல்ற கணக்கு இது: அலகை கல்லு மேல படுக்க வச்சு, அலகு அகலத்துல மூணுல ஒரு பங்கு உயரத்துக்கு முதுகைத் தூக்குங்க, ஏறக்குறைய 20 டிகிரி. அகலம் 18 மில்லிமீட்டர்னா 6 தூக்கணும். முள்ளு கயிறுன்னு முரட்டு வேலைன்னா இன்னும் ஒரு மில்லிமீட்டர் கூட. ஒரு பக்கம் தேய்ச்சு மறுபக்கம் வாய் முழுநீளத்துக்கும் பிசிர் (மெல்லிசா மடங்கி நிக்கிற இரும்பு ஓரம்) வந்துச்சான்னு விரலால தடவிப் பார்த்துட்டுத்தான் பக்கம் மாத்தணும். பிசிர் வராம மாத்தி மாத்தித் தேய்க்கிறதாலதான் முக்கால்வாசிப் பேருக்கு கூர் வர்றதில்ல. கடைசில பிசிரை தோல்ல எடுத்துடுங்க, பிசிரோட விட்டா ஒரு வெட்டுக்கு சவரக்கத்தி மாதிரி இருக்கும், ரெண்டாவது வெட்டுல போயிடும், அதைத்தான் "வாய் நிக்கல"ன்னு கொண்டு வர்றாங்க.

முனை ஒடிஞ்சிடுச்சு

மட்டி நெம்பினது, சங்குச் சதை எடுத்தது, டப்பா மூடி தொறந்தது, இதுல ஒண்ணா இருக்கும். வாய்ப் பக்கம் தேய்க்காதீங்க. முதுகுப் பக்கத்துல இருந்து கீழ்நோக்கி தேய்ச்சு இறக்கி வாயோட சேர்த்துடுங்க, முனை கொஞ்சம் தாழ்ந்து வரும், வாய் அப்படியே இருக்கும்.

அலகு பக்கவாட்டுல ஆடுது

திருகாணி வச்ச கத்தின்னா கழுவி காயவச்சு டார்க்ஸ் பிட்டுல (நட்சத்திர முனை இருக்குறது, பெரும்பாலும் டி6 இல்ல டி8) கொஞ்சம் இறுக்கினா போதும். திரும்பத் திரும்பத் தளர்ந்தா நீலக்கலர் திரெட் லாக் (திருகாணி தளராம பிடிக்கிற பசை) ஒரு சொட்டு, செவப்பு போட்டுடாதீங்க, அப்புறம் கழட்ட முடியாது. இறுக்கும்போது பிட்டு சரியா உக்காராம உருண்டுச்சுன்னா திருகாணித் தலை துருல தின்னுபோச்சுன்னு அர்த்தம், மாத்துறதே மேல்.

ரிவிட் அடிச்ச கத்தின்னா தடிச்ச இரும்பு மேல ஒரு பக்கத்தை வச்சு மறுபக்கத்து ரிவிட் தலைல சின்னச் சுத்தியால பத்து பன்னெண்டு லேசான தட்டு, ஒவ்வொரு நாலு தட்டுக்கும் விரிச்சுப் பார்க்கணும். கூட அடிச்சுட்டீங்கன்னா விரியாது.

பிடி: ஒட்டுது, வெடிக்குது, பச்சை, வெள்ளை, நாத்தம்

கைல ஒட்டுற ரப்பர் மாதிரி பிடி பத்தி முதல்ல. வாங்கும்போது மெத்து மெத்துன்னு அருமையா இருக்கும், ரெண்டு மூணு வருசத்துல சூயிங்கம் மாதிரி ஆயிடும். அழுக்கு இல்ல அது, பிளாஸ்டிக் மேல பூசின பாலியூரித்தேன் பூச்சு ஈரத்துல சிதையுது, நம்ம கரை ஈரத்துல அது சீக்கிரம் நடக்கும். சோப்பு போட்டா போகாது, மருந்துக்கடை ஸ்பிரிட்டைத் துணில தொட்டு மொத்தமா உரிச்சு எடுத்துடுங்க, கீழ கெட்டி பிளாஸ்டிக் இருக்கும், அதுவே போதும்.

பிளாஸ்டிக் பிடி மங்கி வெடிப்பு விடுதுன்னா கொசு விரட்டி க்ரீம் தடவின கையோட பிடிச்சீங்களான்னு யோசிங்க. டீட்ங்குற கொசு மருந்து இருக்குற க்ரீம் நெறைய பிளாஸ்டிக்கை இளக்கும், நெயில் பாலிஷ் ரிமூவரும் அப்படித்தான். நைலான்ல கண்ணாடி நார் கலந்த பிடின்னா உப்புக்கும் டீசலுக்கும் அசையாது. ஜி10னு சொல்ற கண்ணாடி நார் எபாக்சி அதைவிட கெட்டி, தண்ணி குடிக்காது, வீங்காது, என்னைக் கேட்டா கடல்ல போறவங்களுக்கு இந்த ரெண்டுல ஒண்ணுதான். ஜி10 பிடிய உப்புத்தாள் போடுறதா இருந்தா மட்டும் தண்ணி ஊத்தி, மாஸ்க் போட்டு தேய்ங்க, அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

துணில பிசின் ஊத்தி அழுத்தின மைக்கார்ட்டா பிடி நனைஞ்சாத்தான் நல்லா பிடிக்கும், வழுக்காது, ஆனா மீன் கொழுப்பைக் குடிச்சு கருத்து நாத்தம் வரும். பாத்திர சோப்பும் பிரஷ்ஷும் வாரம் ஒரு தடவை. கீழக்கரைல ஒரு காக்கா (அங்க அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவாங்க) வச்சிருக்கார், பத்து வருசமாச்சு, கரும்பழுப்பு ஆயிடுச்சு, கொம்பு மாதிரி அழகா இருக்கு.

பச்சை வந்தா பித்தளை, புளி வச்சுத் துலக்குங்க, ஆனா புளி அலகுல படாம பார்த்து, முடிச்சதும் சோடா தண்ணில அலசி எடுக்கணும், சந்துக்குள்ள புளி தங்கினா நாளைக்கு துரு.

வெள்ளை மாவு வந்தா அலுமினியப் பிடி. அலுமினியமும் இரும்புத் திருகும் உப்புத்தண்ணில ஒண்ணா நின்னா பேட்டரி மாதிரி ஆயிடும், அதுல அலுமினியம்தான் தன்னைக் கொடுக்கும். போட்டு இன்ஜின்ல ஜிங்க் கட்டி வச்சிருக்கோமே, அதே கணக்கு, அங்க ஜிங்க் நமக்காக கரையுது, இங்க உங்க பிடியே கரையுது. திருகைக் கழட்டி சுத்தம் பண்ணி, திருகு மேல கிரீஸ் தடவி திரும்பப் போடுங்க, தண்ணி நடுவுல போகாது. இதை நம்ம ஊர்ல விளக்கவே வேணாம், 1914ல திறந்த பாம்பன் ரயில் பாலம் எப்படி அரிச்சுச்சுன்னு பார்த்துத்தான் வளர்ந்தோம், 2022 டிசம்பர்ல ரயிலே நிறுத்தினாங்க, 2025 ஏப்ரல்ல திறந்த புதுப்பாலத்துக்கு ஸ்டெயின்லெஸ் கம்பி போட்டிருக்காங்க. காரைக்குடி சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) அரிப்பு சோதனைக்கு மண்டபத்துல எடம் வச்சிருக்குறதும் சும்மா இல்ல.

கொம்பு, எலும்புப் பிடி வெடிச்சா அரால்டைட் விட்டு நூல் சுத்தி இறுக்கி ஒரு நாள் விடுங்க. மான் கொம்புன்னு யாராச்சும் வித்தா வாங்காதீங்க, 1972 வனவிலங்குச் சட்டப்படி அது குத்தம்.

லாக் நழுவுது

இதைக் கடைசியா வச்சேன், ஏன்னா இதுக்கு என்கிட்ட வைத்தியம் இல்ல. விரிச்சு லாக் விழுந்ததும், விரலை எல்லாம் அலகு மடங்குற பாதைல இருந்து எடுத்துட்டு, முதுகை மரக்கட்டைல லேசா ரெண்டு தட்டு தட்டிப் பாருங்க. மடங்குச்சுன்னா முதல்ல லாக் உக்காருற எடத்துல உப்பு, மீன் செதில், மணல் இருக்கான்னு கழுவிப் பாருங்க, சில நேரம் அதுதான் காரணம். கழுவியும் மடங்குச்சுன்னா லாக் தகடு தேய்ஞ்சோ துருல மெலிஞ்சோ போச்சு. அதைத் தட்டி வளைச்சு சரி பண்ணித் தாங்கன்னு கேட்பாங்க, நான் பண்றதில்ல, ரெண்டு நாள் நிக்கும், மூணாவது நாள் வலை அறுக்கும்போது மடங்கும், தென்கடல்ல நடுராத்திரி விரல் போனா கரைக்கு வர எத்தனை மணி நேரம்னு போறவங்களுக்குத் தெரியும். அலகைக் கழட்டி எடுத்துக்கிட்டு, பட்டறைல குடுத்து மரப்பிடி போட்டு மடங்காத கத்தியா மாத்தச் சொல்லுங்க. அலகு வால் (பிடிக்குள்ள போற பகுதி) குட்டையா இருந்தா வெறும் அரக்குல நிக்காது, எபாக்சியும் ஒரு குறுக்கு ரிவிட்டும் வேணும், பட்டறைக்காரர்கிட்ட அதைச் சொல்லிக் குடுங்க.